தீக்கு ஒரு காற்று, மூச்சுக்கு ஒரு காற்று
சரக்கு ட்ரெய்லரில் குளிர்கால முகாமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஒன்டாரியோவில் சரக்கு ட்ரெய்லரை முகாம் வண்டியாக்கிக்கொண்டு குளிர்காலத்திலும் காட்டுக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



மூடிய சரக்கு ட்ரெய்லர் ஆட்கள் உறங்குவதற்கென்று செய்யப்படும் வண்டி இல்லை. எஃகுக் குழாய்களாலான சட்டம், அதன்மேல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட் சுவர், காலடியில் சற்றுக் கனமான பிளைவுட் தளம், பின்பக்கம் இரட்டைக் கதவு அல்லது சாய்தளமாக இறங்கும் ஒற்றைக் கதவு: அதன் கட்டுமானம் இவ்வளவுதான். பல வண்டிகளில் கூரையின் உட்புறம் வெறும் தகடாகவே இருக்கும். தச்சரின் கருவிகளும் தோட்ட வேலைக்காரரின் இயந்திரங்களும் மழையில் நனையாமல் போய்ச்சேர இது போதும். முகாம் வண்டியாகவே விற்கப்படும் ஆர்.வி.யில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் ஹீட்டர், புகைக்குழாய், காற்றுத்துளை, வாயு அலாரம், அவசரச் சாளரம் ஆகிய எதுவும் இதில் கிடையாது. விலை குறைவு, உட்புறத்தை விருப்பப்படி அமைக்கலாம் என்று இதை வாங்குபவர், அந்தக் குறைகளை நிரப்பும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

கோடையில் இந்தக் குறைகள் பெரிதாகத் தெரிவதில்லை. குளிர்காலம் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். டொராண்டோவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் வரும் அல்கான்குவின் மாகாணப் பூங்கா ஓர் எடுத்துக்காட்டு. அதன் ஊடாகச் செல்லும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையோரத்து மியூ லேக் முகாம் திடல் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது; மின்னிணைப்பு உள்ள இடங்களும் அங்கே உண்டு. ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் அங்கே மைனஸ் 20 பாகை செல்சியஸ் என்பது சாதாரணம். மைனஸ் 30ஐத் தாண்டும் இரவுகளும் வருவதுண்டு. அந்தக் குளிரில் தகட்டுப் பெட்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குடும்பம் எட்டு மணி நேரம் உறங்கும்போது அதைச் சுற்றி இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. குளிர் ஒன்று, குளிரைப் போக்க மூட்டிய தீ மற்றொன்று. குளிர் பெரும்பாலும் தூக்கத்தைக் கலைத்து எழுப்பிவிடும். தீயிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு எழுப்பாது.

ஆகவே இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெட்டியின் வெப்பக்காப்பு, அடுத்து ஈரமும் காற்றோட்டமும், அதற்குப் பிறகே ஹீட்டர், கூடவே அலாரமும் வெளியேறும் வழியும். கடையில் முதலில் ஹீட்டரை வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குவதே பெரும்பாலான தொல்லைகளுக்கு மூலம். இந்த வரிசை முழுவதற்கும் பொதுவான விதி ஒன்றுதான்: தீ எரியும் காற்றும் மனிதர் மூச்சுவிடும் காற்றும் ஒன்றாக இருக்கக் கூடாது.

எவ்வளவு வெப்பம் தேவை என்பதைத் தாளில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 6 அடி அகலம், 12 அடி நீளம், ஆறரை அடி உயரம் உள்ள பெட்டியின் சுவர், கூரை, தளம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 35 சதுர மீட்டர். வெளியே மைனஸ் 20, உள்ளே 15 என்றால் வேறுபாடு 35 பாகை. காப்பில்லாத பெட்டியில் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஒரு பாகை வேறுபாட்டுக்குச் சுமார் 3 வாட் வெப்பத்தை வெளியே விடும். மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 3,700 வாட். எல்லாப் பக்கமும் 38 மில்லிமீட்டர் ஃபோம் பலகை வைத்து எஃகுச் சட்டத்தையும் மூடிவிட்டால் அந்த 3 வாட் ஏறத்தாழ 1 வாட்டாகக் குறையும். இழப்பு 1,225 வாட். காற்றோட்டத்துக்காக மணிக்கு 20 கன மீட்டர் வெளிக்காற்றை உள்ளே விட்டால் அதைச் சூடாக்க இன்னும் 230 வாட். ஆக, 1,500 வாட்டுக்குள் வேலை முடிகிறது. மைனஸ் 30 இரவிலும் இதே பெட்டிக்கு 1,900 வாட்டுக்கு மேல் தேவைப்படாது. காப்பில்லாத பெட்டியோ அந்த இரவில் 4,700 வாட் கேட்கும். காப்புக்குச் செலவிடும் பணம் ஒரே முறை. எரிபொருளுக்குச் செலவிடும் பணம் ஒவ்வொரு இரவும்.

காப்புப் பொருள்களில் எக்ஸ்.பி.எஸ். எனப்படும் வண்ண ஃபோம் பலகை இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. வெப்பத்தடையைக் குறிக்கும் ஆர் அளவில் அது ஓர் அங்குலத்துக்கு ஆர்-5. ஈரத்தை எளிதில் உறிஞ்சாது. வண்டியின் அதிர்வில் உதிராது. தகடு ஒட்டிய பாலிஐசோ பலகை அங்குலத்துக்கு ஆர்-6 என்று விற்கப்பட்டாலும் கடுங்குளிரில் அதன் திறன் குறையும். வெள்ளைத் தெர்மோகோல் மலிவு, ஆனால் ஆர்-4 அளவுதான். கண்ணாடியிழைப் பஞ்சு வீட்டுச் சுவருக்கு ஏற்றது. அதிர்வில் கீழே சரிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் ட்ரெய்லருக்கு ஆகாது. தெளிக்கும் ஃபோம் இடுக்குகளை எல்லாம் நிரப்பும். ஆனால் ஒரே அடுக்காகக் கனமாகத் தெளித்தால் விரிந்து மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்துவிடும். வெள்ளி நிறக் குமிழித் தாள் விளம்பரத்தில் சொல்லப்படும் அளவுக்கு வேலை செய்வதில்லை. அதன் பளபளப்புக்கு எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். தகட்டோடு ஒட்டிவிட்டால் பயன் மிகச் சிறிது.

பலகைகளைச் சட்டங்களுக்கு நடுவே செருகிவிட்டதோடு வேலை முடிந்ததாக நினைப்பது பரவலான தவறு. எஃகு, ஃபோமைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் எஃகுக் குழாய்கள் ஒவ்வொன்றும் உள்வெப்பத்தை நேராக வெளித்தகட்டுக்குக் கொண்டுபோகும். காலையில் சுவரில் நேர்கோடாக ஈரம் படிந்திருந்தால் அதன் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது என்று பொருள். எனவே சட்டங்களின் உட்புற முகத்தின் மேலேயே அரை அங்குல ஃபோமை முழு விரிப்பாக ஒட்டி, அதன்மேல் பிளைவுட்டை அறைவது நல்லது. வெளிச் சட்டத்தில் நேரடியாக இறங்கும் ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் பனி பூக்கும். திருகாணிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

தளத்துக்கும் கதவுக்கும் தனிக் கவனம் வேண்டும். தளத்தின் அடியில் எப்போதும் குளிர்காற்று ஓடிக்கொண்டிருக்கும். ஓர் அங்குல எக்ஸ்.பி.எஸ்., அதன்மேல் மெல்லிய பிளைவுட், அதன்மேல் ரப்பர் விரிப்பு என்று அடுக்கினால் கால் விறைக்காது. உயரத்தில் இழப்பது இரண்டு அங்குலம் மட்டுமே. பின்கதவுதான் பெட்டியின் ஆகப் பெரிய ஓட்டை. சாய்தளக் கதவின் உட்புறத்தில் ஃபோம் ஒட்டி, சுற்றிலும் ரப்பர்ப் பட்டையைப் புதுப்பித்து, உட்பக்கத்தில் கனத்த கம்பளித் திரை ஒன்றும் தொங்கவிட்டால் காற்றுக் கசிவு பெருமளவு நிற்கும். சக்கர வளைவுகளின் மேலும் ஃபோம் வேண்டும்.

ஃபோமை வெறுமையாக விடக் கூடாது. தீப்பிடித்தால் அது வேகமாகப் பரவி நச்சுப் புகையைக் கக்கும். சிறிய பெட்டியில் தப்பிக்கக் கிடைக்கும் நேரமே குறைவு. பிளைவுட்டாலோ மெல்லிய உலோகத் தகட்டாலோ முழுவதும் மூடி, இணைப்புகளை அலுமினிய நாடாவால் ஒட்ட வேண்டும். அந்த நாடாவுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: உள்ளே இருக்கும் ஈரக்காற்று பலகைகளின் பின்னால் புகுந்து குளிர்ந்த தகட்டில் உறையாமல் தடுப்பது.

ஈரம்தான் குளிர்கால முகாமில் பலரும் எதிர்பாராத தொல்லை. உறங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலுமிருந்து மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீர் ஆவியாகக் கலக்கிறது. இருவர் எட்டு மணி நேரம் உறங்கினால் அரை லிட்டருக்கு மேல். தேநீர் கொதித்தது, நனைந்த கையுறை காய்ந்தது, காலணியில் ஒட்டிய பனி உருகியது எல்லாம் இதற்கு மேல். உள்ளே 18 பாகையும் 50 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், 7 பாகைக்கும் குறைவான எந்தப் பரப்பிலும் நீர் வியர்க்கத் தொடங்கும். சாளரக் கண்ணாடியும் கதவுச் சட்டமும் அந்த அளவுக்குக் கீழே எளிதில் இறங்கிவிடும். மெத்தையின் அடிப்பக்கமும் அப்படியே. மெத்தையைப் பலகையின் மேல் நேராகப் போடாமல் இடைவெளி விட்ட சட்டத்தின் மேல் போட்டால்தான் அடியில் காற்றோடி பூஞ்சை பிடிக்காது.

ஈரத்தை வெளியேற்ற ஒரே வழி காற்றோட்டம்தான். வெளியே மைனஸ் 20இல் இருக்கும் காற்றில் நீராவி மிகக் குறைவு. அது உள்ளே வந்து சூடேறும்போது மிக வறண்ட காற்றாகி, உள்ளே தேங்கிய ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியேறும். இதற்காக, கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை என்று இரண்டு வேண்டும். கூரையில் 14 அங்குலச் சதுர ஆர்.வி. மூடியைப் பொருத்தி அதை ஓரிரு சென்டிமீட்டர் திறந்துவைத்தால் மேல்வழி ஆயிற்று. கீழ்வழியைக் கதவின் எதிர்ப்பக்கச் சுவரில், சேறும் பனியும் அடையாத உயரத்தில் அமைக்கலாம். வெப்பம் போய்விடுமே என்று இரவில் துணியால் இவற்றை அடைக்கும் பழக்கம் ஆபத்தானது. மேலே போட்ட கணக்கில் காற்றோட்டத்தின் செலவு 230 வாட் மட்டுமே. பனிப்பொழிவு இரவுகளில் கூரை மூடி புதைந்துவிடாமல் தட்டிவிடுவதும் வேலைகளில் ஒன்று.

இனி ஹீட்டர்கள். மின்னிணைப்பு உள்ள முகாம் இடத்தில் மின் ஹீட்டருக்கு நிகராக வேறொன்றும் இல்லை. அதில் எரிதல் இல்லை, புகை இல்லை, ஈரம் இல்லை. கனடாவில் சாதாரண 120 வோல்ட் ஹீட்டர் 1,500 வாட்டுக்கு மேல் வருவதில்லை. நன்றாகக் காப்பிட்ட பெட்டிக்கு மைனஸ் 20 வரை அது ஈடுகொடுக்கும் என்பதை மேலே பார்த்த கணக்கே சொல்கிறது. அது 12.5 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் இணைப்பில் அதனுடன் மின்கெட்டிலையும் போட்டால் பிரேக்கர் விழும். மெல்லிய நீட்டிப்புக் கம்பி சூடாகி உருகக்கூடும். 12 கேஜ் அல்லது அதைவிடக் கனமான, குளிரில் விறைக்காத வெளிப்புறக் கம்பியே பொருத்தம். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை சத்தமின்றி ஓடும்; படுக்கைத் துணி மேலே விழுந்தாலும் சுருள்கம்பி ஹீட்டரைப் போல உடனே பற்றிக்கொள்ளாது. ஆயினும் அதன்மேல் துணி காயப்போடக் கூடாது. மின்சாரம் நின்றுபோகும் இரவுக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும்.

மின்னிணைப்பு இல்லாத இடத்தில் பலரும் முதலில் நாடுவது, சிறு புரொப்பேன் சிலிண்டரின் தலையில் திருகும் அல்லது கையில் தூக்கிச் செல்லும் புகைக்குழாய் இல்லாத ஹீட்டரை. விலை குறைவு, உடனே சூடு. ஆனால் அதன் புகை முழுவதும் மூச்சுக்காற்றிலேயே கலக்கிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது 3.6 கிலோ ஆக்சிஜனை உண்டு, 3 கிலோ கார்பன் டையாக்சைடையும் 1.6 கிலோ நீராவியையும் விடும். ஒரு கிலோ வாயுவுக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேலான நீர் சுவரில் வழிகிறது என்றால் மேலே சொன்ன ஈரத்தடைகள் எல்லாம் வீண். ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் கருவி இந்த ஹீட்டர்களில் பலவற்றில் இருக்கிறது. அது அளப்பது ஆக்சிஜனை மட்டுமே. கார்பன் மோனாக்சைடை அது அறியாது. விழித்திருக்கும்போது, மேலும் கீழும் துளைகள் திறந்திருக்க, காலையில் உடை மாற்றும் கால் மணி நேரத்துக்கு வேண்டுமானால் அதைப் பயன்படுத்தலாம். உறங்கும் நேரத்துக்கு அது முற்றிலும் விலக்கு. சமையல் அடுப்பைக் கதகதப்புக்காக எரியவிடுவதும் இதே வகைதான். கரி அடுப்பும் பார்பிக்யூவும் எந்த நேரத்திலும் உள்ளே வரக் கூடாது. தணல் மங்கிப் புகை நின்ற பிறகும் கரி கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டேயிருக்கும்.

புகைக்குழாய் உள்ள புரொப்பேன் ஹீட்டர் இதற்கு நேர்மாறு. அதன் எரியறை மூடப்பட்டது. எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியிலேயே விடும். உட்காற்று உலோகச் சுவரின் மறுபக்கத்தில் தனியாக ஓடிச் சூடாகும். ஆர்.வி.களில் இருக்கும் ஃபர்னஸ் இந்த வகையே. பிரிட்டனில் செய்யப்படும் புரொப்பெக்ஸ் எச்.எஸ்.2000 போன்ற சிறிய ஹீட்டர் 1.9 கிலோவாட் தரும். முழு வேகத்தில் மணிக்கு 142 கிராம் வாயு எரிக்கும். 20 பவுண்டு சிலிண்டரில் இருக்கும் 9 கிலோ வாயு முழு வேகத்திலேயே 60 மணி நேரத்துக்கு மேல் வரும். புரொப்பேன் மைனஸ் 42 பாகையில்தான் கொதிப்பதால் ஒன்டாரியோக் குளிரிலும் ஆவியாகும். மைனஸ் அரைப் பாகையிலேயே திரவமாக நின்றுவிடும் பியூட்டேன் குப்பிகளுக்கு அங்கே வேலையில்லை. சிலிண்டர் எப்போதும் வெளியே, ட்ரெய்லரின் முன்முனைச் சட்டத்தில், நிமிர்ந்து நிற்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தளத்தோடு தேங்கும். ஆகவே வாயுக் கசிவு அலாரம் தரைக்கு அருகில் இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் எரிவாயுக் குழாய் வேலை மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.வின் சான்று பெற்ற தொழில்நுட்பர் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் குழாய் வேலை தெரிந்தவர் செய்வது அன்று.

டீசல் ஹீட்டர் இன்று சரக்கு ட்ரெய்லர்களில் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. லாரி ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு உறங்குவதற்காக வந்த கருவி இது. ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரில் தோன்றிய எபர்ஸ்பேஷர், வெபாஸ்டோ ஆகிய இரண்டு நிறுவனங்களும் இத்துறையில் பெயர் பெற்றவை. அவற்றின் வடிவத்தைப் பின்பற்றிச் சீனாவிலிருந்து வரும் மலிவான ஹீட்டர்களே இணையச் சந்தையில் நிறைந்திருக்கின்றன. இதிலும் எரியறை தனி, உட்காற்று தனி. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட்-மணி ஆற்றல் உண்டு. மேலே கணக்கிட்ட பெட்டிக்கு மைனஸ் 20இல் மணிக்கு 0.2 லிட்டர் போதும். 10 லிட்டர் தொட்டி இரண்டு முழு நாளைத் தாங்கும்.

அளவைத் தேர்ந்தெடுப்பதில் பெரியதே நல்லது என்ற எண்ணம் இங்கே பலிக்காது. காப்பிட்ட 6 × 12 அடிப் பெட்டிக்கு 2 கிலோவாட் போதும். 5 கிலோவாட் ஹீட்டரை வைத்தால் அது எப்போதும் மிகத் தணிந்த வேகத்திலேயே எரிந்து, எரியறையில் கரி படிந்து, ஒரு குளிர் இரவில் பற்றாமல் நின்றுவிடும். சிறிய ஹீட்டரையும் நாளுக்கு ஒரு முறையாவது சற்று நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டால் கரி எரிந்து போகும். ஆல்பர்ட்டாவின் மலைப்பகுதிக்குப் போவோருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: உயரத்தில் காற்று மெலிவதால் கரி இன்னும் வேகமாகப் படியும், உயரத்துக்கேற்ப எரிபொருளைக் குறைக்கும் வசதி உள்ள ஹீட்டரே அங்கே பொருத்தம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. ஹீட்டர் தளத்தின் மேல் உலோகத் தட்டில் அமர்ந்து, புகைக்குழாயும் எரிகாற்றுக் குழாயும் அந்தத் தட்டின் வழியே நேராகக் கீழிறங்க வேண்டும். பெட்டிக்குள் புகைக்குழாய்க்கு இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. புகைக்குழாய் பல நூறு பாகை சூடாகும் என்பதால் பிளைவுட், மின்கம்பி, டீசல் குழாய் மூன்றிலிருந்தும் விலகி, வெப்பந்தாங்கும் நாடா சுற்றி, வெளிநோக்கிச் சரிந்து ஓட வேண்டும். அதன் வாய் ட்ரெய்லரின் அடியிலேயே முடிந்தால் புகை அங்கே தேங்கித் தளத்தின் ஓட்டைகள் வழியே ஏறும்; விளிம்பைத் தாண்டி வெளியே முடிய வேண்டும். கதவு, சாளரம், கீழ்க் காற்றுத்துளை, எரிகாற்றுக் குழாயின் வாய் ஆகிய எதன் அருகிலும் அது இருக்கலாகாது. முகாமில் வண்டியை நிறுத்தும்போது காற்றின் திசையைப் பார்த்து, புகை பெட்டியிலிருந்தும் அண்டைக் கூடாரத்திலிருந்தும் விலகிப் போகும்படி நிறுத்துவது வழக்கமாக வேண்டும். பனி கொட்டும் இரவில் புகைவாய் புதைந்திருக்கிறதா என்று உறங்குமுன் ஒரு முறையும் விடியலில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். டீசல் தொட்டியை வெளியிலோ, உட்காற்றோடு தொடர்பில்லாத தனிப் பெட்டியிலோ வைத்தால் நாற்றமும் வராது, கசிவும் ஆபத்தாகாது.

எரிபொருளிலும் பருவம் பார்க்க வேண்டும். கோடையில் வாங்கி வைத்த டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு வடிகட்டியை அடைக்கும். குளிர்கால டீசலை, அதுவும் குளிர் மிகுந்த பகுதியின் பெட்ரோல் நிலையத்தில், புதிதாக நிரப்புவது பாதுகாப்பு. ஹீட்டரை நிறுத்தும்போது மின்சாரத்தைத் திடீரென்று துண்டிக்கக் கூடாது. பொத்தானை அழுத்தினால் தீயை அணைத்து, விசிறியைச் சில நிமிடங்கள் ஓட்டி, எரியறையைக் குளிரச் செய்து அதுவே நிற்கும். நடுவில் துண்டித்தால் உள்ளே தேங்கிய சூடு பாகங்களைக் கெடுத்துவிடும்.

டீசல் ஹீட்டரின் உயிர் 12 வோல்ட் பேட்டரியில் இருக்கிறது. பற்றவைக்கும் சில நிமிடங்களில் அது 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். ஓடத் தொடங்கியபின் ஒன்றிரண்டு ஆம்பியருக்குள் அடங்கும். ஓர் இரவுக்கு 15 முதல் 25 ஆம்பியர்-மணி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கம்பி மெல்லியதாக இருந்தால் பற்றவைக்கும் நேரத்தில் மின்னழுத்தம் விழுந்து ஹீட்டர் பிழைக் குறி காட்டி நின்றுவிடும். பல 'பழுதான' ஹீட்டர்களின் உண்மையான நோய் இதுவே. ஈய-அமில பேட்டரி மைனஸ் 20இல் ஏறத்தாழ பாதித் திறனையே தரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி குளிரிலும் மின்சாரம் தரும்; ஆனால் சுழியப் பாகைக்குக் கீழே அதை மின்னேற்றினால் நிரந்தரமாகக் கெடும். எனவே அது சூடான பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

விறகு அடுப்பின் அழகு தனி. ஆனால் சிறு பெட்டிக்கு அது கடினமான தோழன். சிறிய அடுப்பில் ஒரு முறை இட்ட விறகு இரவு முழுவதும் எரியாது. சுற்றிலும் தீப்பிடிக்காத தடுப்பும் கூரையில் முறையான புகைபோக்கியும் வேண்டும். அவை உறங்கும் இடத்தைத் தின்றுவிடும். புகைபோக்கி குளிர்ந்திருக்கும்போது புகை உள்ளேயே திரும்பும். விறகை வீட்டிலிருந்து கொண்டு போகவும் கூடாது: 2002இல் விண்ட்ஸர் பகுதியில் கண்டறியப்பட்ட சாம்பல் மரத் துளைப்பான் வண்டு ஊர் ஊராகப் பரவியதற்கு இடம் மாறிய விறகும் ஒரு காரணம். முகாமுக்கு அருகிலேயே விறகு வாங்குவதுதான் முறை.

இத்தனைக்கும் மேல் காவலாக நிற்பது கார்பன் மோனாக்சைடு அலாரம். அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வூட்ஸ்டாக் நகரில் எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு தம்பதியும் இரு பிள்ளைகளும் இறந்தனர். அந்தக் குடும்பத்தின் பெயரால் 2013இல் ஹாக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம் நிறைவேறியது. அதன்பின் எரிபொருள் கருவிகள் உள்ள வீடுகளில் இந்த அலாரம் கட்டாயமானது. அது வீட்டைப் பற்றிய சட்டம். காரணமோ ட்ரெய்லருக்கு இன்னும் பொருந்தும்: வீட்டில் பல அறைகளில் பரவி மெலியும் வாயு இங்கே ஒரே சிறு பெட்டிக்குள் அடைபடுகிறது.

வீட்டுக்கென்று விற்கப்படும் பல அலாரங்கள் உறைகுளிரில் நம்பத்தக்கவை அல்ல. ஆர்.வி.களுக்கென்று சான்று பெற்றதை வாங்கி, உறங்குவோரின் தலை உயரத்தில் பொருத்த வேண்டும். அதன் உணரிக்கும் ஆயுள் உண்டு, அலாரத்தின் மேல் அச்சிட்ட ஆண்டு முடிந்ததும் மாற்ற வேண்டும். பேட்டரியில் ஓடும் இரண்டாவது அலாரம் ஒன்றும் இருந்தால் நல்லது. புகை அலாரமும் சிறிய தீயணைப்பானும் கதவருகில் இருக்க வேண்டும். தலைவலி, குமட்டல், மயக்கம், சோர்வு ஆகியவை ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வந்தால் அதைக் காய்ச்சல் என்று ஒதுக்கிவிடலாகாது. அலாரம் ஒலித்தாலோ இந்தக் குறிகள் தென்பட்டாலோ காரணம் தேடுவதற்கு முன் எல்லோரும் வெளியேறி, 911ஐ அழைக்க வேண்டும். கதவைத் திறந்து காற்றுவிட்டு மீண்டும் படுப்பதற்கு இடமில்லை. இழுத்துவந்த வாகனத்தின் எஞ்சினை இரவில் ஓடவிட்டு அதற்குள் உறங்குவதும் இதே ஆபத்துதான். பனி மூடிய புகைக்குழாய் சில நிமிடங்களில் வாகனத்தை நச்சறையாக்கும்.

வெளியேறுவது என்றதும் சரக்கு ட்ரெய்லரின் கதவு நினைவுக்கு வர வேண்டும். பின்கதவின் தாழ்ப்பாள் பெரும்பாலும் வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். யாரேனும் தெரியாமல் வெளியே பூட்டிவிட்டால் உள்ளே இருப்பவர் சிறைப்பட்டவரே. பக்கக் கதவு உள்ள வண்டியானால் அதில் உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி பொருத்துவதும், வெளிப்பூட்டைப் பயணத்தின்போது மட்டும் போடுவதும் முதல் வேலை. கதவு பனியில் உறைந்தாலோ அதன் அருகிலேயே தீப்பிடித்தாலோ இரண்டாவது வழி வேண்டும். படுக்கைக்கு எட்டும் தூரத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுள்ள ஆர்.வி. அவசரச் சாளரம் அதற்கு ஏற்றது. பிள்ளைகளும் அதைத் திறந்து பழகியிருக்க வேண்டும்.

எந்த ஹீட்டரும் ஒரு நாள் நிற்கும். அன்றைக்கு உயிர் காப்பது படுக்கை. வெளிவெப்பநிலைக்கே தாங்கும் உறக்கப்பை ஒவ்வொருவருக்கும் இருந்தால், ஹீட்டர் நின்ற இரவு வசதிக்குறைவோடு முடியும். வீட்டுப் போர்வையை நம்பிப் போனால் அதுவே விபத்தாகலாம். நீர்க் குழாய் அமைப்பைத் தவிர்த்துக் குடிநீரைக் குடங்களில் உள்ளேயே வைத்துக்கொண்டால் உறைந்து வெடிக்க ஒன்றும் இல்லை. ட்ரெய்லரை மாற்றியமைத்ததைக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுவதும், சான்று முத்திரை உள்ள கருவிகளையே வாங்குவதும் தீ விபத்துக்குப் பிறகு எழும் வழக்குகளைத் தவிர்க்கும்.

வேண்டுகோள் சுருக்கமானது. இந்த ஆண்டு வண்டிக்காக ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு ஃபோம் பலகைக்கும், அடுத்தது புகையை வெளியே விடும் ஹீட்டருக்கும், ஒரு சிறு பங்கு கட்டாயமாக இரண்டு அலாரங்களுக்கும் போகட்டும். பணம் இவை அனைத்துக்கும் எட்டாவிட்டால், மின்னிணைப்பு உள்ள இடத்தை முன்பதிவு செய்து மின் ஹீட்டரோடு போய்வரலாம். அதில் குறையொன்றும் இல்லை. புகைக்குழாய் இல்லாத ஹீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு இரவு தங்கப் புறப்படும் குடும்பம் எதுவாயினும், அந்தப் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கட்டும்.

அன்புடன்,
குளிர்கால முகாமில் அக்கறை கொண்ட ஒருவர்